கூலியைத் தனியாக எழுதித் தந்த தஞ்சாவூர் ஓவியர்

தங்கை வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குக் கொடுக்க, தஞ்சாவூரில் வீட்டிலேயே பட்டறை வைத்திருக்கும் ஓர் ஓவியரிடம் வெண்ணெய்த்தாழி கிருஷ்ணர் படம் சொல்லி வாங்கினேன். 18க்கு 14 அங்குலம், 14,000 ரூபாய். படம் அருமை. ஆனால் எழுத உட்கார்ந்தது விலையைப் பற்றி.

எனக்குத் தையற்கடை. துணிக்குக் கேட்ட விலையைக் கொடுத்துவிட்டு, ரவிக்கைக் கூலியில் ஐம்பது ரூபாய் குறைக்கச் சொல்லி மல்லுக்கட்டுபவர்களைத் தினமும் பார்க்கிறேன். அதனாலேயே அவர் விலை சொன்ன விதம் பிடித்துப்போனது. துண்டுத் தாளில் எழுதியே கொடுத்தார்: பலகை, துணி, வர்ணம், கற்கள் 2,000, 22 காரட் தங்க ரேக்கு (மெல்லிய தகடு) 3,500, தேக்கு பிரேம் 2,500, கூலி 6,000.

அளவு கூடினால் விலை கூடும், சரி. படத்தில் உருவங்கள் கூடினால் கூலியும் கூடும் என்ற கணக்குதான் எனக்குப் புதிது. இதே அளவில் ராமர் பட்டாபிஷேகம் கேட்டால் கூலி ஏறக்குறைய இரட்டிப்பாகுமாம். சாக்பவுடரும் பசையும் குழைத்த மக்கு வைத்து மேடாக்குவது, கல் பதிப்பது, ரேக்கு ஒட்டுவது எல்லாவற்றுக்கும் வீட்டு ஆட்கள் கை கொடுக்கிறார்கள். முகம் எழுதுவதும் கடைசியில் கண் திறப்பதும் அவர் மட்டும்தான். "ஒரு முகம்னா ஒரு நாள்னு வச்சுக்கங்கம்மா" என்றார்.

கடைவீதி ஷோரூம் ஒன்றில் 'இதே அளவு' 6,500 என்றார்கள். டேப் வைத்துப் பார்த்தேன். பிரேமையும் சேர்த்துத்தான் 18க்கு 14; உள்ளே படம் 14க்கு 10. அதாவது பரப்பில் பாதிக்குக் கொஞ்சம் மேல். ரேக்கு தங்கமா என்று கேட்டதற்கு, "தங்கக் கலர் மேடம்" என்று பதில். நல்ல பதில்தான், பொய் இல்லை.

எங்கள் படத்தில் நான் முதலில் பார்த்தது ஓரங்களை, தொழில் புத்தி. கிருஷ்ணர் கை வங்கியில் ரேக்கு அந்த மேட்டோடு படிந்து, கல்லைச் சுற்றி அடிவரை இறங்கியிருக்கிறது. எங்கும் பசை வழியவில்லை, சுருக்கமும் இல்லை.

ஒன்று மட்டும் எனக்கு ஒப்பவில்லை. தங்கை நடுவில் மனசு மாறி, தவழும் கிருஷ்ணர் வேண்டாம், உட்கார்ந்திருப்பதாக இருக்கட்டும் என்றாள். பென்சில் படத்தை முழுக்க அழித்துத் திரும்பப் போட்டார். அதற்கு ஒரு பைசா கேட்கவில்லை. என் கடையில் வெட்டிய பிறகு மாடல் மாற்றினால் தனிக் கூலி. கூலி 6,000ஐ அவர் உழைக்கும் நாட்களால் வகுத்தால், வீட்டுச் சுவருக்கு பெயின்ட் அடிப்பவர் இதைவிடக் கூடுதலாக வாங்குகிறார். இதில் போய் பேரம் பேசுகிறார்களே!

குறைகளும் உண்டு. சொன்ன தேதிக்குப் பத்து நாள் தாமதம். ஈரக்காற்றில் மக்கு காயவில்லை என்றார். பார்சல் செலவு 900 தனி என்பதைக் கடைசியில்தான் சொன்னார். அதையும் அந்தத் துண்டுத் தாளிலேயே எழுதியிருக்கலாம்.

ஐந்துக்கு நாலரை. பாதிப் பணம் முன்பணம் கேட்பார். தை முகூர்த்தத்துக்கு வேண்டுமென்றால் புரட்டாசியிலேயே சொல்லிவிடுங்கள், ஐப்பசி மழையில் எதுவும் காயாது.