கேப் ஒட்ட எந்த சிமெண்ட்? வேலூர் வெயிலில் ஓர் அலசல்

ரூட் கேனல் முடிந்து பல்லின் மேல் கேப் (உறை) போட வருபவர் விலையைக் கேட்பார், நிறத்தைக் கேட்பார். எதை வைத்து ஒட்டுவீர்கள் என்று கேட்பவர் அபூர்வம். கேப் கழன்று, அதைக் காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டு வரும்போதுதான் சிமெண்ட் பற்றிய பேச்சே வரும்.

பழைய ஆள் ஜிங்க் பாஸ்பேட், 19ஆம் நூற்றாண்டுச் சரக்கு. துத்தநாக ஆக்சைடு பொடியும் பாஸ்பாரிக் அமிலமும் கலந்தது. பல்லோடு ரசாயனமாக ஒட்டாது. சொரசொரப்பில் புகுந்து இறுகிப் பிடித்துக்கொள்ளும், அவ்வளவுதான். அதனால் செதுக்கிய பல் உயரமாகவும் பக்கங்கள் ஏறக்குறைய இணையாகவும் இருக்க வேண்டும். கலக்கும்போது சூடேறும். மே மாதம் 40 டிகிரியைத் தாண்டும் வேலூரில், கரண்ட் போய் ஏசி நின்ற நேரத்தில் பொடியை ஒரேயடியாகக் கொட்டிக் கலக்கினால், கேப்பில் தடவுவதற்குள் கல்லாகிவிடும். குளிர்ந்த கண்ணாடிப் பலகையில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, அகலமாகப் பரப்பிக் கலக்க வேண்டும். பலகையை ஃபிரிட்ஜில் வைத்து எடுத்தால் அது வியர்க்கும்; அந்த ஈரத்தைத் துடைக்காவிட்டால் இறுகும் வேகம் கூடித்தான் போகும். தொடக்கத்தில் அமிலத்தன்மை அதிகம் என்பதால் உயிருள்ள பல் கூசலாம். நரம்பு எடுத்த பல்லுக்கு அந்தக் கவலை இல்லை.

பாலிகார்பாக்சிலேட் 1968இல் ஸ்மித் என்ற ஆய்வாளர் கொண்டுவந்தது. பல்லோடு ரசாயனமாக ஒட்டிய முதல் சிமெண்ட், நரம்புக்கும் இதமானது. வேலை செய்யக் கிடைக்கும் நேரம்தான் குறைவு, நம்ம வெயிலில் இன்னும் குறைவு.

என் ஓட்டு கிளாஸ் அயனோமருக்கு. 1970களின் தொடக்கத்தில் லண்டனில் வில்சன், கென்ட் என்ற ஆய்வாளர்கள் உருவாக்கியது. பல்லில் உள்ள கால்சியத்தோடு பிணையும், ஃபுளோரைடு கசியவிடும், வெப்பத்தில் விரிவதும் கிட்டத்தட்ட பல்லைப் போலத்தான். உலோகக் கேப்புக்கும் உலோகத்தின் மேல் பீங்கான் போட்ட கேப்புக்கும் தாராளமாகப் போதும். ஒட்டும் முன் பல்லை ஊதி ஊதிக் காய வைக்கக் கூடாது. பிறகு கூசுகிறது என்று வருவார்கள். ஒட்டிய பின் முதல் சில நிமிடங்கள் எச்சில் படக் கூடாது. ஓரங்களில் வாஸ்லின் தடவுவது இதற்காகத்தான்.

இதிலேயே ரெசின் (பிளாஸ்டிக் போல இறுகும் பிசின்) கலந்த வகை இன்னும் பலமானது, எச்சிலில் கரைவதும் குறைவு. ஆனால் ஈரத்தை உறிஞ்சி உப்பும் என்பதால் பலவீனமான முழுப் பீங்கான் கேப்புக்கு வேண்டாம்.

சரி, எல்லாவற்றிலும் பலமான ரெசின் சிமெண்டையே எப்போதும் போட்டால் என்ன? முன்பல்லில் ஒட்டும் மெல்லிய வெனீருக்கும், பிடிமானமே இல்லாத குட்டைப் பல்லுக்கும் அதற்கு மாற்று இல்லை. ஆனால் எச்சில் ஊறும் கடைவாயில், ஈறு கசியும் இடத்தில், அதன் பலம் காகிதத்தில்தான் இருக்கும். வழிந்ததைச் சுரண்டி எடுக்காமல் விட்டால் ஈறு வீங்கும். இப்படிப்பட்ட வாய்க்கு நான் அயனோமரையே எடுப்பேன்.

அப்புறம், தற்காலிகக் கேப்புக்குப் போடும் கிராம்பு எண்ணெய் சிமெண்ட். நரம்பைச் சாந்தப்படுத்தும், எளிதாகக் கழற்றலாம். ஆனால் அதிலுள்ள யூஜினால் ரெசினை இறுக விடாது. நிரந்தரமாக ரெசினில்தான் ஒட்டப்போகிறோம் என்று முன்பே தெரிந்தால், தற்காலிகத்துக்கும் யூஜினால் இல்லாத வகையை வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.