தலைக்கவசத்துக்குள் வானொலி: பேசும் பொத்தான் ஒன்றைத் தவிர

ஆயத்தமாகக் கிடைக்கும் புளூடூத் ஹெட்செட்டுகளின் விலை இறங்கியிருக்கும் இந்த நேரத்தில் அவற்றில் ஒன்றை வாங்கலாமா, அல்லது நான் பயன்படுத்துவதைப் போல வாக்கி-டாக்கியோடு இணையும் ஹெட்செட்டைக் கையாலேயே செய்து தலைக்கவசத்தில் பொருத்திக்கொள்ளலாமா என்று என்னோடு பாராகிளைடிங் பறக்கும் நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார். அவர் கேட்ட வாரத்தில்தான் என் பேசும் பொத்தானின் (அழுத்தியிருக்கும்போது மட்டும் நம் குரலை அனுப்பும் பொத்தான்) ஒயர் மறுபடியும் உள்ளுக்குள் அறுந்து, அதைப் பிரித்துப் பழுதுபார்க்க நேர்ந்தது. ஆகவே இந்தப் பகிர்வில் எரிச்சல் சற்றுத் தூக்கலாக இருக்கலாம். பல பருவங்களாக இதைப் பயன்படுத்தியவன் என்ற முறையில், நல்லதையும் அதே அளவு விளக்கமாகச் சொல்ல முயல்கிறேன்.

என் விளையாட்டு பாராகிளைடிங். தலைக்கவசம், வான்விளையாட்டுகளுக்கான ஈ.என். 966 தரச்சான்று பெற்ற, தாடைக்காப்பு உள்ள முழுமுக வகை. இடது காதுப் பஞ்சுக்குள் ஒரு ஸ்பீக்கர், தாடைக்காப்பின் உட்புறம் ஒரு மைக், அங்கிருந்து நெஞ்சுப்பட்டையில் உள்ள சிறு பெட்டிக்கு ஓர் ஒயர், அந்தப் பெட்டியிலிருந்து வானொலிக்கு, அதாவது வாக்கி-டாக்கிக்கு, ஒன்று, வலது கை ஆள்காட்டி விரலில் கட்டிய பேசும் பொத்தானுக்கு ஒன்று. வானொலியின் அலைவரிசை, உரிமம் ஆகியவை நாட்டுக்கு நாடு மாறுபவை. உரிமம் இல்லாமல் எந்த அலைவரிசையில் எவ்வளவு திறனில் பேசலாம் என்பதை அவரவர் நாட்டு விதிகளைப் பார்த்துத் தெரிந்துகொள்வதே முதல் வேலை.

கேட்கும் தரத்தைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் தகும். பேச்சுக்கான வானொலிகள் ஏறத்தாழ 300 முதல் 3000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியைத்தான் கடத்துகின்றன. எனவே இசைக்காகச் செய்யப்பட்ட விலையுயர்ந்த ஸ்பீக்கரால் இங்கே கூடுதல் பயன் எதுவும் இல்லை. பழைய ஹெட்ஃபோனிலிருந்து எடுத்த 40 மில்லிமீட்டர் அகல, 32 ஓம் ஸ்பீக்கர் ஒன்றே எனக்கு இன்றுவரை போதுமானதாக இருக்கிறது. வானொலிகள் பொதுவாக 8 அல்லது 16 ஓம் ஸ்பீக்கரை எதிர்பார்ப்பவை என்பதால் 32 ஓம் வைக்கும்போது சத்தம் சற்றுக் குறையும். ஆனால் காதை ஒட்டியிருக்கும் ஸ்பீக்கருக்கு அந்தக் குறைவு பொருட்டே அல்ல. உண்மையில் முடிவு செய்வது அது உட்காரும் இடம்தான். ஸ்பீக்கரின் நடுப்பகுதி காதுத்துளைக்கு நேராக வரவேண்டும். ஒரு விரற்கடை முன்னோ பின்னோ நகர்ந்துவிட்டால், சத்தத்தை எவ்வளவு கூட்டினாலும் சொற்கள் மங்கலாகவே கேட்கும். இடத்தைக் கண்டுபிடிக்க ஓர் எளிய வழி உண்டு: கவசத்தை அணிந்துகொண்டு, யாரையாவது வானொலியில் எண்களை வரிசையாகச் சொல்லச் சொல்லி, ஸ்பீக்கரைப் பஞ்சுறைக்குள் விரலால் மெல்ல நகர்த்திக்கொண்டே போக வேண்டும். ஏழும் எட்டும் ஐயமின்றி வேறுபட்டுக் கேட்கும் புள்ளியில் வெல்க்ரோவை ஒட்டிவிட்டால் பிறகு அதைத் தொடவே வேண்டியதில்லை.

ஸ்பீக்கரை ஒரு காதில் மட்டும் வைத்ததை நான் மிகச் சரியான முடிவாகக் கருதுகிறேன். சிறகின் வேகம் கூடுகிறதா குறைகிறதா என்பதை முதலில் சொல்வது காற்றின் சத்தம்தான். ஏறுகிறோமா இறங்குகிறோமா என்பதைச் சொல்லும் வேரியோமீட்டரின் பீப் ஒலியும், பக்கத்தில் பறப்பவரின் கூச்சலும் திறந்த காதுக்கு வர வேண்டும். இரண்டு காதுகளையும் அடைத்துக்கொண்டு பறப்பதை எந்த ஹெட்செட்டின் தரத்துக்காகவும் நான் ஏற்கமாட்டேன்.

மைக் எனக்கு எதிர்பாராத மகிழ்ச்சியைத் தந்த பகுதி. 1962-இல் பெல் ஆய்வகத்தில் கெர்ஹார்ட் செஸ்லரும் ஜேம்ஸ் வெஸ்ட்டும் உருவாக்கிய எலக்ட்ரெட் மைக்கின் வழிவந்த, சட்டைப் பொத்தானைவிடச் சிறிய குப்பி அது. முன்னும் பின்னும் துளை உள்ள, இரைச்சலைக் குறைக்கும் வகையை எடுத்துக்கொண்டேன். தொலைவிலிருந்து வரும் இரைச்சல் இரண்டு துளைகளிலும் ஏறக்குறைய சமமாக நுழைந்து ஒன்றையொன்று அழித்துக்கொள்ள, உதட்டருகிலிருந்து எழும் குரல் முன்துளையில் மட்டும் பலமாக விழுகிறது. இதன் பின்துளையைப் பசை வைத்து மூடிவிட்டால் அந்தக் குணம் முழுவதும் போய்விடும். வாய்க்கு நேர் எதிரே வைக்காமல் உதட்டோரத்தில் வைத்தால் மூச்சு நேரடியாக மோதுவதில்லை. தாடைக்காப்பு காற்றை மறைப்பதால், மணிக்கு நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும்போதும் நான் பேசுவது வீட்டுக்குள் உட்கார்ந்து பேசுவதைப் போலக் கேட்கிறது என்று தரையில் இருப்பவர்கள் சொல்கிறார்கள். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பநிலை ஏறத்தாழ 6.5 டிகிரி குறையும் என்பதால் உயரத்தில் மூச்சின் ஈரம் மைக்கின் பஞ்சில் குளிர்ந்து படியும். பஞ்சு நனைந்தால் குரல் கம்மிவிடும். மாற்றுப் பஞ்சு ஒன்றைக் கையில் வைத்திருப்பதைத் தவிர இதற்கு வேறு பராமரிப்பு தேவைப்பட்டதில்லை.

ஒரே ஒரு தொழில்நுட்பச் சிக்கலை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வீட்டில் செய்யும் பலரும் இதில்தான் மனம் தளர்கிறார்கள். வானொலி அலைபரப்பும்போது அதன் அலை மைக் ஒயரிலும் ஏறிவிடும். யு.எச்.எஃப். கைவானொலிகளின் அலைநீளத்தில் கால்பங்கு பதினாறு, பதினேழு சென்டிமீட்டர்தான். தலையிலிருந்து நெஞ்சுக்கு வரும் ஒயர் அதைவிட நீளம் என்பதால் அதுவே ஆன்டெனாவாகிவிடுகிறது. அப்போது குரல் கரகரக்கும், சில வேளை ஊளையிடும். மைக் குப்பியின் இரண்டு முனைகளுக்கும் குறுக்கே, குப்பியை ஒட்டியே, 100 பிக்கோஃபாரட் செராமிக் கெபாசிட்டர் ஒன்றைச் சால்டர் செய்து, வானொலிப் பக்கத்தில் ஒயரை ஒரு ஃபெரைட் வளையத்துக்குள் சுற்றிவிட்டால் பெரும்பாலும் அது அடங்கிவிடும். எனக்கு அடங்கிவிட்டது.

தலைக்கவசத்தின் உள்ளே இருக்கும், நாம் தெர்மாகோல் என்று அழைக்கும் நுரையை ஒருபோதும் வெட்டவோ குடையவோ கூடாது என்பதில் எனக்கு எந்தச் சமரசமும் இல்லை. மோதும்போது அந்த நுரை நசுங்குவதால்தான் தலை தப்புகிறது. ஒயருக்காக ஒரு பள்ளம் தோண்டினால் அந்த இடத்தில் காப்பு மெலிந்துவிடும். கரைப்பான் கலந்த பசைகள் நுரையை அரித்துவிடும், சூடான பசைத் துப்பாக்கி உருக்கிவிடும். என் கவசத்தில் உள்ள எல்லாமே துணிப்பஞ்சுக்குள்ளும், ஓட்டின் விளிம்பிலும், வெல்க்ரோவிலும்தான் நிற்கின்றன; தலைக்கும் நுரைக்கும் இடையில் கடினமான பொருள் எதுவும் இல்லை. கவசத்திலிருந்து இறங்கும் ஒயர் எங்காவது சிக்கினால் கழுத்தை இழுக்காமல் சட்டென்று கழன்றுவிட வேண்டும். நேராக இழுத்தால் எளிதில் கழலும் 3.5 மில்லிமீட்டர் பிளக், பக்கவாட்டில் இழுத்தால் பிடித்துக்கொள்ளும். எனவே இழுவிசை எத்திசையில் வந்தாலும் பிளக்கின் நேர்கோட்டில் விழும்படி அதை ஒயரின் நடுவில் தொங்கவிட்டிருக்கிறேன்.

இதுவரை சொன்னவற்றில் எனக்குக் குறை ஏதும் இல்லை. விளையாட்டுத் தலைக்கவசத்துக்குள் வானொலி என்பது பழைய யோசனைதான். 1956-இல் கிளீவ்லாந்து பிரவுன்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியின் பயிற்சியாளர் பால் பிரவுன், ஆட்டக்காரர் ஜார்ஜ் ராட்டர்மனின் கவசத்துக்குள் ஒரு வானொலி ரிசீவரைப் பொருத்தி ஆடவைத்தார். அந்த விளையாட்டின் லீக்கான என்.எஃப்.எல். அதை உடனே தடை செய்தது. 1994-இல்தான் பயிற்சியாளர் இப்படிப் பேசுவதை அனுமதித்தது. அந்த ஆட்டக்காரர் கேட்டால் போதும், பதில் பேச வேண்டியதில்லை. கேட்பது மட்டும் என்றால் என் அமைப்பும் பழுதின்றி ஓடியிருக்கும். நாமும் பேச வேண்டும் என்ற இடத்தில்தான் பேசும் பொத்தான் வந்து சேர்கிறது.

குரலைக் கேட்டுத் தானே இயங்கும் வாக்ஸ் வசதி இருக்க, பொத்தான் எதற்கு என்று கேட்பார்கள். பறக்கும்போது வாக்ஸ் பயன்படாது. உணர்திறனைக் கூட்டிவைத்தால் காற்றின் இரைச்சலே அதை இயக்கிவிடும். குறைத்துவைத்தால் முதல் அசையை விழுங்கிவிடும். "இடது" என்பது "டது" ஆகவும், "வலது" என்பது "லது" ஆகவும் போய்ச் சேர்ந்தால், கரகரப்பில் இரண்டும் ஒன்றுபோலவே கேட்கும். திசை சொல்ல வேண்டிய வேளையில் இதைவிட ஆபத்தான கோளாறு இல்லை. இரண்டு கைகளும் சிறகைத் திருப்பும் பிரேக் கைப்பிடிகளைப் பிடித்திருப்பதால், கட்டைவிரல் எட்டும் இடத்தில், விரலில் கட்டும் பொத்தான்தான் மிச்சம்.

அந்தப் பொத்தானின் ஒயர் அறுந்துகொண்டே இருக்கிறது. மேலே உறையில் ஒரு கீறல்கூட இருக்காது. மல்டிமீட்டரைத் தொடர்ச்சி பார்க்கும் நிலையில் வைத்து, இரண்டு முனைகளையும் தொட்டுக்கொண்டு ஒயரை விரலளவு விரலளவாக வளைத்துக்கொண்டு வந்தால் பீப் ஒலி தொடர்ந்து வரும்; சூட்டில் சுருங்கி ஒயரை இறுக்கும் ஹீட் ஷ்ரிங்க் குழாய் முடிந்து ஒயர் தொடங்கும் அந்த ஒரு கோட்டில் வந்து நின்றுவிடும். சால்டர் இழைகளுக்குள் ஊறி இறுகிய பகுதிக்கும் வளையும் பகுதிக்கும் இடையில் உள்ள எல்லையில்தான் மணிக்கட்டின் ஒவ்வொரு அசைவும் போய்க் குவிகிறது. சிலிகான் உறையிட்ட, நுண்ணிய இழைகள் நிறைந்த ஒயருக்கு மாறினேன். குழாயை நீளம் மாற்றி மாற்றி அடுக்கி விறைப்பைப் படிப்படியாகக் குறைத்தேன். மணிக்கட்டின் உட்புறத்திலிருந்து புறங்கைக்கு மாற்றி ஒரு தளர்வான வளையம் விட்டேன். ஒவ்வொன்றும் ஆயுளை நீட்டியது உண்மை. எதுவும் சிக்கலை முடித்துவைக்கவில்லை. கைக்கும் நெஞ்சுக்கும் இடையில் ஒயர் ஓடும்வரை அது முடியாது என்றே இப்போது நினைக்கிறேன்.

பொத்தானும் தன் பங்குக்குத் தொல்லை தருகிறது. திறந்த அமைப்புள்ள சிறு டாக்ட் சுவிட்சுகளில் வியர்வை இறங்கித் தொடுமுனைகள் களிம்பேறிவிடுகின்றன. நீர்புகா வகைக்கு மாறினால், அதன் மென்மையான சொடுக்கு தடித்த கையுறைக்குள் உணரப்படுவதே இல்லை. அழுந்தியதா இல்லையா என்று தெரியாமலேயே பேசி முடிக்க வேண்டியிருக்கிறது. பிரேக் கயிற்றைக் கையில் ஒரு சுற்றுச் சுற்றிப் பிடித்தால் கயிறே பொத்தானை அழுத்திவிடும்.

ஒயர் அறுந்தால் என் பேச்சு யாரையும் எட்டாது, அவ்வளவுதான். பொத்தான் அழுந்தியபடியே சிக்கிக்கொண்டால் எல்லாருடைய பேச்சும் தடைபட்டுவிடும். இவ்வகை வானொலியில் பேசிக்கொண்டிருப்பவருக்கு எதுவும் கேட்காது. பொத்தான் சிக்கியவருக்கு அது சிக்கியிருப்பதைக்கூட யாரும் சொல்ல முடியாது. எஃப்.எம். ரிசீவர் வலுவான அலையையே பற்றிக்கொள்ளும் என்பதால், தரையிலிருந்து பயிற்றுநர் ஒரு மாணவருக்குத் தரையிறங்கும் வழியைச் சொல்லிக்கொண்டிருந்தாலும், அந்த மாணவர் காதில் விழுவது பக்கத்தில் பறப்பவரின் காற்றிரைச்சலாகவே இருக்கும். ஆகவே குறிப்பிட்ட நேரத்துக்குப் பின் அலைபரப்பைத் தானே துண்டிக்கும் டைம்-அவுட் வசதியை, வானொலி அனுமதிக்கும் மிகக் குறைந்த நேரத்தில் வைத்திருக்கிறேன். அலைபரப்பும்போது எரியும் சிவப்பு விளக்கு கண்ணில் படும்படி வானொலியை நெஞ்சுப்பட்டையில் நிமிர்த்திக் கட்டியிருக்கிறேன். இந்த இரண்டும் இல்லாமல் விரல் பொத்தானோடு யாரும் பறக்கக் கூடாது.

ஆயத்த ஹெட்செட்டுகளின் மிகப் பெரிய நன்மை இங்கேதான் இருக்கிறது. அவற்றில் இருவரும் ஒரே நேரத்தில் பேசலாம், கேட்கலாம், பேசும் பொத்தானே தேவையில்லை. ஆனால் அவை தம் வகைக் கருவிகளோடுதான் பேசும். தரையில் வாக்கி-டாக்கியோடு நிற்கும் பயிற்றுநரை எட்ட மறுபடியும் ஓர் இணைப்புக் கருவியும், வானொலியும், பெரும்பாலும் மறுபடியும் ஒரு பொத்தானும் வேண்டும். புளூடூத் பொத்தான் ஒன்றைக் கடன் வாங்கிச் சிறிது காலம் பயன்படுத்தினேன். ஒயர் இல்லாத நிம்மதி பெரிது. ஆனால் சில நிமிடங்கள் தொடாமலிருந்தால் அது உறங்கிவிடுகிறது. எழுந்து இணைவதற்குள் முதல் சொல் போய்விடுகிறது. வாக்ஸில் நான் வெறுத்த அதே குறை.

நண்பருக்கு என் பதில்: செய்ய வேண்டாம், வாங்கிவிடுங்கள். கேட்கும் தரத்திலும் மைக்கிலும் என் கவசம் நான் அணிந்து பார்த்த ஆயத்த ஹெட்செட்டுகளுக்கு மேலானது என்பதை மேலே எழுதியதிலிருந்து ஒரு சொல்லும் குறைக்காமல் சொல்கிறேன். என்னுடையதை நான் கழற்றப்போவதும் இல்லை. ஆயினும் அடிக்கடி மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டு உட்காரும் பொறுமை இல்லாதவருக்கு இந்தப் பொத்தானைப் பரிந்துரைக்க இன்று எனக்கு மனம் வரவில்லை. மனம் மாறிச் செய்யத் துணிந்தால், கவசத்துக்குள் வரும் வேலையை நானே செய்து தருகிறேன். பொத்தானையும் ஒயரையும் மட்டும் பிளக்கோடு தனியே கழற்றி மாற்றும்படி வைத்து, மாற்று ஒன்றை ஹார்னஸ் பையில் எப்போதும் வைத்திருங்கள். வாங்குவதானால், பறக்கும்போது அணியும் கையுறையோடு கடைக்குப் போய் அதன் பொத்தான்களை அழுத்திப் பாருங்கள். கையுறைக்குள் சொடுக்கு தெளிவாக உணரப்படாவிட்டால், வேறு எந்த வசதி இருந்தாலும் அதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.