மறைந்த சொல்லா, கலைந்த எழுத்தா? எதில் தொடங்கலாம்?

சங்கேதக் குறுக்கெழுத்தில் ஒவ்வொரு குறிப்பும் விடையின் பொருளையும், அதன் எழுத்துகளை அடையும் வழியையும் சேர்த்தே சொல்லும். தமிழில் இதற்குப் புதியவர்கள் பெரும்பாலும் இரண்டு வகையில்தான் தடுமாறுகிறார்கள்: விடை குறிப்பின் அடுத்தடுத்த எழுத்துகளில் மறைந்திருப்பது, குறிப்பில் உள்ள சொல்லின் எழுத்துகளைக் கலைத்து விடையாக்குவது. அடைப்புக்குள் இருப்பது விடையின் எழுத்து எண்ணிக்கை.

மறைந்தது: வசந்தம் பிறந்ததில் ஒளிந்த இளவல் (3)
கலைந்தது: கதவு புரண்டால் தகுதி (3)

அடையாளம்
மறைந்ததில் 'ஒளிந்த', 'இடையே', 'உள்ளே' போன்ற சொல் வரும். கலைந்ததில் 'புரண்டு', 'குழம்பி', 'சிதறி'.

அவிழ்ப்பது
முதலாவதில் சொல் இடைவெளியை மறந்து எழுத்தெழுத்தாக வாசியுங்கள்: வ-ச-ந்-த-ம்-பி. தம்பி கிடைத்துவிட்டான்.
இரண்டாவதில் மூன்று எழுத்துக்கு 6 வரிசை. 'வு' சொல்லுக்கு முதலில் வராது. நான்கே மிச்சம்: கதவு, கவுத, தகவு, தவுக. தகவு என்றால் தகுதி. ஐந்து எழுத்தென்றால் 120 வரிசை, ஆனால் மெய்யெழுத்தும் முதலில் வராது என்பதால் பட்டியல் வேகமாகச் சுருங்கும். தமிழ்ப் புதிரின் அழகே இதுதான்.

தவறும் இடம்
மறைந்ததில் ஒற்றெழுத்தை (ந், ம் போன்ற மெய்யை) எண்ணாமல் விடுவது. 'உள்ளே' என்பது ஒரு சொல்லுக்குள் இன்னொன்றைச் செருகச் சொல்வதாகவும் இருக்கலாம்.
கலைந்ததில் பொருள் சொல்லும் பகுதியையும் (இங்கே 'தகுதி') சேர்த்துக் கலைப்பது. எழுத்துக் கணக்கு சரியாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

முதல் வாரம் மறைந்தது போதும். விடை கண்ணெதிரே இருப்பதால் நம்பிக்கை வரும். சொல்வளம் உள்ளவர்கள் நேராகக் கலைந்ததற்கே போகலாம்.