ஐ7 ஸ்டிக்கரை நம்பி லேப்டாப் வாங்காதீர்கள்

என் அக்கா மகளுக்கு பினாங்கில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகமான யுஎஸ்எம்-இல் இடம் கிடைத்தது. ஜார்ஜ்டவுனில் ஒரு கடையில் அக்கா 1,500 வெள்ளி கொடுத்து அவளுக்கு லேப்டாப் வாங்கினார். "ஐ7-மா, இதுக்கு மேல எதுவும் இல்ல. புதுசுதான், பெட்டி மட்டும்தான் இல்ல" என்று தமிழிலேயே பேசி விற்றிருக்கிறார் கடைக்காரர். ரேம் 8 ஜிபி என்றும் சொன்னாராம்.

வகுப்பு தொடங்கியதும் பிள்ளை அழாத குறை. ஆன்லைன் வகுப்பும் வேர்டும் ஒன்றாகத் திறந்தால் திரை உறைந்துவிடுகிறது. லேப்டாப்பை அவளிடமிருந்து வாங்கிப் பார்த்தேன். ரேம் 4 ஜிபிதான். லேப்டாப்பின் மூளையான பிராசசர் ஐ7-4600யூ, இன்டெல் நிறுவனம் 2013இல் வெளியிட்டது. ஸ்டிக்கர் பொய் இல்லை, அதுதான் இதில் கொடுமை.

ஐ3, ஐ5, ஐ7 என்பதெல்லாம் ஒரே தலைமுறைக்குள் பார்க்கும் தரம். எந்தத் தலைமுறை என்பதை அதற்குப் பின்னால் வரும் எண்தான் சொல்லும். 4600 என்றால் 4ஆம் தலைமுறை, 8250 என்றால் 8ஆம் தலைமுறை. 1215, 12450 போல 1இல் தொடங்கினால் முதல் இரண்டு இலக்கங்களைப் பாருங்கள், இவை 12ஆம் தலைமுறை. அந்தப் பழைய ஐ7-இல் கோர், அதாவது பிராசசருக்குள் வேலை செய்யும் பகுதி, இரண்டே இரண்டு. 2022இல் வந்த ஐ3-1215யூ-வில் ஆறு. ஐ3 என்று ஒதுக்கிவிடுகிறோமே, அது இந்த ஐ7-ஐ எளிதில் முந்திவிடும்.

இன்னொன்று: விண்டோஸ் 11-க்கு இன்டெல் என்றால் பொதுவாக 8ஆம் தலைமுறையாவது வேண்டும். இந்த லேப்டாப்பில் குறுக்கு வழியில் ஏற்றியிருக்கிறார்கள். நாளைக்கு அப்டேட் வராமல் போனால் யாரைக் கேட்பது?

பணம் கொடுப்பதற்கு முன் கடையிலேயே கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, வரும் டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பகுதியைத் திறக்கச் சொல்லுங்கள். பிராசசரின் முழு எண், ரேம் அளவு, டிஸ்க் வேகமான எஸ்எஸ்டியா மெதுவான பழைய எச்டிடியா, எல்லாம் அங்கே தெரியும். காட்டத் தயங்கினால் வேறு கடைக்குப் போங்கள்.

திருப்பிக் கொடுக்கப் போனபோது ரிசிட்டைக் காட்டினார் கடைக்காரர். "லேப்டாப் ஐ7, 1 யூனிட்" என்று மட்டும் இருந்தது. கீழே, விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது என்ற வரி. அந்த வரியைக் கண்டு பயப்பட வேண்டாம். பழையதைப் புதியது என்று சொல்லி விற்பது 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி தவறு, ரிசிட்டில் ஒரு வரி அச்சடித்து அந்தச் சட்டத்தை ஒதுக்கிவிட முடியாது. பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 50,000 வெள்ளி வரை கோரலாம். பதிவுக் கட்டணம் 5 வெள்ளி, வழக்கறிஞர் வைக்க வேண்டியதில்லை. அக்கா மனு கொடுத்துவிட்டார். உங்களில் யாராவது இப்படி வாங்கியிருந்தால் ரிசிட்டையும் கடைக்காரர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளையும் அழித்துவிடாமல் வைத்திருங்கள், மனுவோடு அவற்றையும் சேர்க்க வேண்டியிருக்கும்.