முழு விமானிப் பயிற்சித் தொகுப்பு: பணம் கட்டும் முன் பார்க்க வேண்டியவை

விமானத்தைத் தொட்டே பார்க்காதவரைச் சேர்த்துக்கொண்டு, ஒன்றரை இரண்டு ஆண்டுகளில் ஏர்லைன் வாசலில் கொண்டுபோய் நிறுத்துகிறோம் என்பதுதான் இந்தத் தொகுப்புகளின் வாக்குறுதி. பாடத்திட்டத்தில் பெரிய குறை இல்லை. சி.பி.எல். (சம்பளத்துக்கு விமானம் ஓட்டும் லைசென்ஸ்), இரட்டை எஞ்சின் ரேட்டிங் (அத்தகைய விமானம் ஓட்டும் கூடுதல் தகுதி), இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் (வெளியே தெரியாதபோது கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் தகுதி) என்று ஒன்றின்மேல் ஒன்றாகக் கட்டிக்கொண்டு போகிறார்கள். துண்டு துண்டாகப் படித்தால் சி.பி.எல்.லுக்கு ஐகாவோ (சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு) கேட்கும் குறைந்தபட்சம் 200 மணி நேரம். அங்கீகாரம் பெற்ற தொடர் பயிற்சியில் 150. இதைவிடக் கூடுதலாகக் கேட்கும் நாடுகளும் உண்டு.

பலரும் சிக்குவது கால அளவில்தான். விளம்பரத்தில் எத்தனை விமானம் என்று போட்டிருப்பதை நம்ப வேண்டாம். எத்தனை பறக்கிறது, எத்தனை மாணவர்கள் என்று கேளுங்கள். 10 விமானத்தில் 2 எப்போதும் 100 மணி நேரம் பறந்ததும் செய்யும் சோதனைக்காக ஹேங்கரில் (விமானக் கொட்டகையில்) நிற்கும் என்று வையுங்கள். மீதி 8, நாளுக்கு 4 மணி நேரம், வானிலை ஒத்துழைக்கும் 22 நாள்: மாதம் 704 மணி நேரம். 60 பேர் படித்தால் தலைக்கு மாதம் 12 மணி நேரம் போல வரும். 150 மணி நேரம் 13 மாதத்தில் முடியும். அதே விமானங்களுக்கு 100 பேரைச் சேர்த்திருந்தால் தலைக்கு 7 மணி நேரம்தான், 21 மாதம் தாண்டிவிடும்.

இந்த இழுபறி நாட்களை மட்டும் தின்பதில்லை. இரண்டு வாரம் பறக்காமல் இருந்துவிட்டுக் குறுக்குக் காற்றில் இறங்கப் போனால், மூக்கை ஓடுபாதைக்கு நேராக்கக் கால் ரடரை (வால் சுக்கானை) மிதிக்கும் முன்னே கை யோக்கை (ஓட்டும் கைப்பிடியை) திருப்பிவிடும். பழைய நிலைக்கு வரவே ஒரு பயணம் செலவாகும், அதற்கும் பணம் உங்களுடையதுதான். இன்னொன்று: ஏர்லைன்கள் மும்முரமாக ஆள் எடுக்கும் காலத்தில் முதலில் கிளம்புவது பயிற்சி நிலையத்து இன்ஸ்ட்ரக்டர்கள். வேலைவாய்ப்பு அமோகமாக இருக்கும் சமயத்தில்தான் பயிற்சி மந்தமாகும். கடந்த ஓராண்டில் எத்தனை இன்ஸ்ட்ரக்டர்கள் மாறினார்கள் என்று தயங்காமல் கேளுங்கள்.

மணிக்கணக்கை எந்த மீட்டரில் எடுக்கிறார்கள் என்பதும் முக்கியம். ஹாப்ஸ் மீட்டர் பெரும்பாலும் எஞ்சின் ஓடத் தொடங்கியதுமே ஓடும். டாக்கோ மீட்டர் எஞ்சின் சுழற்சியைப் பொறுத்தது, தரையில் மெதுவாகத்தான் நகரும். நெரிசலான விமான நிலையத்தில் ஒவ்வொரு முறையும் 20 நிமிடம் டாக்சிவேயில் (ஓடுபாதைக்குப் போகும் வழியில்) வரிசையில் நின்றால், அந்த நேரமும் லாக் புக்கில் (பறந்த நேரப் பதிவேட்டில்) ஏறும், கையில் வித்தை ஏறாது. தொகுப்பில் சொன்ன மணி நேரம் குறைந்தபட்சம்தான். அதற்கு மேல் பறக்க நேர்ந்தால் மணிக்கு எவ்வளவு, மறுதேர்வுக்கு எவ்வளவு என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

தொகுப்பு முடிந்தவுடன் ஏர்பஸ் 320 ஓட்ட முடியாது. டைப் ரேட்டிங் (ஒரு குறிப்பிட்ட ரக விமானத்தை ஓட்டும் தகுதி) தனி, பல தொகுப்புகளில் அது சேர்வதே இல்லை. வேலை வரும் என்ற தைரியத்தில் அதை முன்கூட்டியே வாங்குவதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். நீங்கள் 320 படித்து வைத்திருக்க, வேலை தரும் ஏர்லைன் போயிங் 737 ஓட்டலாம். இடைவெளி நீண்டால் இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் காலாவதியாகும், புதுப்பிக்க மீண்டும் தேர்வு. இன்ஸ்ட்ரக்டர் ரேட்டிங் எடுத்துச் சொல்லிக்கொடுப்பது இந்தக் காலத்தைக் கடக்க நல்ல வழி: கை மழுங்காது, ஏ.டி.பி.எல். எனும் ஏர்லைன் விமானி லைசென்ஸுக்கான 1,500 மணி நேரமும் சேரும். அந்த லைசென்ஸ் இல்லாமல் ஏர்லைனில் கேப்டன் இருக்கை கிடையாது.

எம்.பி.எல். (இருவர் இயக்கும் ஏர்லைன் விமானத்தில் துணை விமானியாகப் பறக்கும் லைசென்ஸ்) தொகுப்பு வேறு ரகம். 240 மணி நேரப் பயிற்சியில் பெரும்பகுதி சிமுலேட்டரில் நடக்கும். இருவர் சேர்ந்து இயக்கும் ஒழுங்கைப் பழக்குவதில் இதற்கு ஈடு இல்லை. ஆனால் ஒரு ஏர்லைனை நம்பியே இறங்க வேண்டும். அந்த ஏர்லைன் ஆள் எடுப்பதை நிறுத்தினால், கையில் உள்ள லைசென்ஸை வைத்துச் சிறு விமானத்தில் தனி விமானியாகச் சம்பாதிக்கவும் முடியாது. ஏர்லைன் எழுத்தில் பொறுப்பேற்றால் மட்டும் எடுங்கள்.

எந்தத் தொகுப்பானாலும் முதல் வகுப்பு மெடிக்கல் சான்றிதழ் கைக்கு வரும் முன் முன்பணம் கூடக் கட்டாதீர்கள். நிறக்குருடு இருப்பதே அந்தப் பரிசோதனையில்தான் பலருக்குத் தெரியவருகிறது. பிறகு கட்டும்போதும் மொத்தமாகக் கட்ட வேண்டாம். ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் அடுத்த தவணை என்று பேசுங்கள். பயிற்சி நிலையம் பாதியில் மூடப்பட்டால், பறக்காத மணிகளுக்கான பணத்தை மீட்பது பெரும்பாடு.