பழைய பேஜ்மேக்கர் ஓடணும்னா "வருஷ லைசன்ஸ்" வேணும்னு சொல்றாங்களா? சல்லி குடுக்க முந்தி இத வாசிங்க

ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா பக்கம் பிரஸ், கொமியூனிகேஷன் நடத்துறவங்க, பழைய சொப்ட்வெயார விட முடியாம வச்சிருக்கிறவங்க எல்லாருக்கும்தான் இந்தப் பதிவு. கடைப் பேர் கேட்டு இன்பொக்ஸ்ல வராதீங்க, முறைப்பாடு போயிருக்கு, பேர் போடல.

எங்க மாமா சின்னதா ஒரு பிரஸ் வச்சிருக்காரு. கல்யாண கார்டு, தோட்டத்து கோயில் திருவிழா நோட்டீஸ், மரண அறிவித்தல், கருமாதி கார்டு, இதுதான் வேல. எல்லாமே பேஜ்மேக்கர் 7, பாமினிங்கிற தமிழ் பொன்ட். 2001ல வந்த, பக்கம் டிசைன் பண்ற சொப்ட்வெயார், அத செஞ்ச அடோபி கம்பெனி எப்பவோ கைவிட்டாச்சு, ஆனா அவரோட பழைய டிசைன் பூரா அதுலதான் கிடக்கு, கோயில் கமிட்டிக்காரங்க வந்து போன வருஷ நோட்டீஸையே தேதிய மாத்தி குடுங்கன்னு கேட்டா டீ குடிச்சு முடிக்கிறதுக்குள்ள முடிச்சிருவாரு. அது ஓடின பழைய விண்டோஸ் எக்ஸ்பி மெஷினோட மதர்போர்ட் அடிபட்டதும் டவுன்ல ஒரு கொம்பியூட்டர் கடைக்கு கொண்டு போனாரு. அங்க சொன்னது, "இப்ப வர்ற மெஷின்ல பழைய சொப்ட்வெயார் எதுவுமே ஓடாதுண்ணே, அதுக்குன்னு நாங்களே செஞ்ச சிஸ்டம் ஒன்னு இருக்கு, லைசன்ஸ் வருஷத்துக்கு 18,000."

முதல் பொய்யே அந்த "எதுவுமே". இப்ப வர்ற 64 பிட் விண்டோஸ்ல பழைய 32 பிட் புரோகிராம ஓட்டுறதுக்குன்னே வாவ்64னு ஒரு அடுக்கு உள்ளுக்குள்ளயே இருக்கு, தனியா ஒன்னும் வாங்க வேணாம். ஓடவே ஓடாதது விண்டோஸ் 3.1, டொஸ் காலத்து 16 பிட் சாமான்தான். சில பழைய சிடில புரோகிராம் 32 பிட்டா இருக்கும், ஆனா இன்ஸ்டோல் பண்ற பைல் மட்டும் 16 பிட்டா இருந்து அங்கயே நின்னுரும், அத பார்த்துட்டு சொப்ட்வெயாரே செத்துப்போச்சுன்னு சொல்றவங்களும் இருக்காங்க. டொஸ் புரோகிராம்னா அத ஓட்டுறதுக்கு டொஸ்பொக்ஸ்னு ஒரு சொப்ட்வெயார் இருக்கு, அதுவும் சும்மா கிடைக்கிறதுதான்.

மெஷின் வந்துச்சு. விண்டோஸ் மாதிரியே தோற்றம், பேஜ்மேக்கரும் தொறந்துச்சு, ஆனா பழைய நோட்டீஸ தொறந்தா தமிழே இல்ல, பூரா இங்கிலீஷ் எழுத்தும் நடுநடுவுல அரைப்புள்ளியும். பைல் எல்லாம் கரப்ட் ஆகிருச்சு, ரிகவரி பண்ணணும்னு சொல்லி இன்னொரு 7,500 வாங்கிட்டாங்க. பாமினி தெரிஞ்சவங்களுக்கு இதுல சிரிப்பு வரும். அது இப்ப போன்ல அடிக்கிற தமிழ் மாதிரி யுனிகோட் இல்ல, பைலுக்குள்ள இருக்கிறது இங்கிலீஷ் கீ எழுத்துதான், அதுக்கு தமிழ் உருவம் குடுக்கிறது பொன்ட். பொன்ட் இல்லன்னா புள்ளி வர்ற இடமெல்லாம் அரைப்புள்ளியா தெரியும். மாமா சிடில எழுதி வச்சிருந்த பழைய பைலையும் அவங்க "ரிகவர்" பண்ணி குடுத்த பைலையும் நான் ஒப்பிட்டு பார்த்தேன், ஒரு பைட் கூட மாறல. பாமினிய கொப்பி பண்ணி போட்டதுக்குத்தான் அந்த 7,500.

சேவ் பண்ற பெட்டிய தொறந்தா சி டிரைவோட ஒரு இசட் டிரைவும் இருந்துச்சு, அதுக்குள்ள போனா லினக்ஸோட (விண்டோஸுக்கு பதிலா போடுற இலவச சிஸ்டம்) போல்டர் எல்லாம் வரிசையா நிக்குது. அங்கயே விளங்கிருச்சு, இது வைன். 1993ல இருந்து உலகம் பூரா ஆளுங்க சேர்ந்து எழுதிட்டு வர்ற இலவச சொப்ட்வெயார், விண்டோஸ் புரோகிராம் கேக்குறத லினக்ஸுக்கு விளங்குற மாதிரி மாத்திக் குடுக்கும். பசங்க ஸ்டீம் டெக்னு கையில வச்சு கேம் விளையாடுற மெஷின் வச்சிருக்காங்களே, அதுல இருக்கிற புரோட்டானும் இதுமேல கட்டினதுதான். அன்னதானத்துல வாங்கின சோத்த பொட்டலம் கட்டி வாசல்லயே வித்த கதை.

சித்திரைத் திருவிழா சீசன், ஓடர் குவிஞ்சு கிடக்கிற நேரம் பார்த்து "லைசன்ஸ் முடிந்துவிட்டது, கடையை தொடர்பு கொள்ளவும்"னு ஒரு பெட்டி வந்து பேஜ்மேக்கர் தொறக்கவே இல்ல, மாமா எனக்கு கோல் எடுத்தாரு. டெஸ்க்டொப் ஐகொன் எத கூப்பிடுதுன்னு போய் பார்த்தா ஒரு சின்ன டெக்ஸ்ட் பைல். இன்னைய தேதிய பார்க்குது, கெடு தாண்டிருச்சுன்னா அந்தப் பெட்டிய காட்டுது, தாண்டலன்னா பேஜ்மேக்கர வைன் கிட்ட குடுக்குது. அவ்வளவுதான் "நாங்களே செஞ்ச சிஸ்டம்". தேதி பார்க்கிற வரிய அழிச்சேன், அடுத்த நிமிஷமே வேல செஞ்சுச்சு.

இன்ஸ்டோல் பண்ணி குடுக்கிற வேலைக்கு கூலி வாங்குறது தப்பே இல்ல, வைனோட லைசன்ஸும் அத தடுக்கல. வைன வச்சே குரொஸ்ஓவர்னு ஒரு சாமான வெளிநாட்டுல காசுக்கு விக்கிறாங்க, ஆனா அவங்க வைன்னு பேர சொல்லித்தான் விக்கிறாங்க, செய்ற திருத்தத்த திருப்பியும் குடுக்கிறாங்க. இவங்க பேர மறைச்சதும் இல்லாம வருஷா வருஷம் பூட்டுற மாதிரி பூட்டும் போட்டு வச்சிருக்காங்க, எனக்கு ஆத்திரம் அதுலதான்.

உங்க கடையில இப்படி ஒன்னு இருந்தா டெர்மினல்ல (கட்டளை அடிக்கிற ஜன்னல்) winecfgன்னு அடிங்க, வர்ற பெட்டியில அபவுட் பக்கத்துல பேரும் வெர்ஷனும் நிக்கும். வாங்க முந்தின்னா வைன்காரங்களோட வெப்சைட்ல எது எவ்வளவு நல்லா ஓடும்னு போட்டிருக்கிற AppDB பட்டியல்ல உங்க சொப்ட்வெயார தேடுங்க, பிளாட்டினம், கோல்ட்ல இருந்து கார்பேஜ் வரைக்கும் தரம் போட்டிருப்பாங்க, உங்க வெர்ஷனுக்கு போட்டிருக்கான்னு மட்டும் கவனமா பாருங்க. பழைய ஹார்ட் டிஸ்க்க கடையில விட்டுட்டு வராதீங்க, மாமாவோடத வாங்குறதுக்குள்ள போதும் போதும்னு ஆகிருச்சு.

கடையில கேட்டதுக்கு "அது சேர்விஸ் சார்ஜ் தம்பி, அந்த மாதிரி எழுதிட்டோம்"ன்னாங்க. பில்லுல கையெழுத்தாவே "சொப்ட்வெயார் லைசன்ஸ்"னு போட்டிருக்கு, அத மாமா பத்திரமா வச்சிருந்தது நல்லதாப் போச்சு. பில்லோட கொப்பிய வச்சு நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு குடுத்திருக்கோம், அவங்க நம்பர் 1977. இதே கடையோ இதே மாதிரி பெட்டியோ யாருக்காவது வந்திருந்தா பில்லையும் அந்தப் பெட்டியோட போட்டோவையும் எடுத்து வச்சுக்கிட்டு எனக்கு மெசேஜ் பண்ணுங்க, சேர்த்தே குடுப்போம்.