ஏலகிரி மலர்க் கண்காட்சி ஆல்பம்: எந்தப் பூ, எந்த பைண்டிங்?

ஏலகிரி கோடை விழாவில் மலர்க் கண்காட்சி பார்த்துவிட்டு மலை இறங்குகிறவர்கள் போனில் பூப்படங்கள் குவிந்திருக்கும். அதில் நல்லதைப் பிரிண்ட் போட்டு, காய்ந்த பூ, துணி, வாட்டர்கலர் எல்லாம் சேர்த்துக் கையாலேயே ஓர் ஆல்பம் செய்யலாம். ஆனால் கடைக்குப் போகும் முன் பூவின் தடிமனை முடிவு செய்துகொள்ளுங்கள். பக்கம் எவ்வளவு உப்பும் என்பது அதில்தான் இருக்கிறது. பைண்டிங், பசை, அட்டை எல்லாம் அதற்குக் கட்டுப்பட்டவை.

முதல் போட்டியாளர் நிஜப் பூ. கண்காட்சிப் பூவில் கை வைக்கக் கூடாது என்று சொல்லவே வேண்டாம். வேலூர் நேதாஜி மார்க்கெட்டில் வாங்குவதும் வீட்டுத் தொட்டியில் பூப்பதும் தாராளமாகப் போதும். பூவை வெள்ளைத் தாளுக்கு நடுவில் விரித்து, மேலும் கீழும் பழைய செய்தித்தாள் அடுக்கி, கனமான புத்தகங்களை ஏற்றி வைக்க வேண்டும். முதல் சில நாள் ஈரத்தாளை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். நாம் திட்டித் தீர்க்கும் கத்திரி வெயில் இந்த ஒரு வேலைக்கு உதவி: மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கிற பூ, மே மாதத்தில் விறுவிறுவென்று காய்ந்துவிடும். நேர் வெயிலில் மட்டும் வைக்காதீர்கள், நிறம் வெளுத்துவிடும்.

எல்லாப் பூவும் இதற்கு ஒத்துவராது. மல்லி பழுப்பாகிவிடும். சிவப்பு ரோஜா கறுத்துப்போகும். துலுக்க சாமந்தி இதழின் மஞ்சளும் ஆரஞ்சும் ஓரளவு நிற்கும். எல்லாவற்றையும் மிஞ்சுவது, யாரும் பூவாகவே மதிக்காத வேலியோரக் காகிதப்பூ. நாம் இதழ் என்று நினைப்பது நிறம் மாறிய இலைதான். இயல்பிலேயே மெல்லிசு, ஈரமும் குறைவு. கண்காட்சியில் கண்ணைப் பறிக்கும் டேலியா இங்கே தேறாது. நடுப்பகுதி தடிமனாக இருப்பதால் முழுதாக அழுத்தினால் அழுகும். இதழ்களைத் தனித்தனியாகக் காயவைத்து, தாளில் மறுபடி வட்டமாக அடுக்கினால் உண்டு.

க்ரேப் பேப்பர் பூவில் டேலியாவை அச்சு அசலாகக் கொண்டுவரலாம். ஆனால் ஆல்பத்தை மூடிய அன்றே அது நசுங்கும். பசையின் ஈரம் பட்டால் சாயம் வேறு பக்கத்தில் இறங்கும். சுவரில் மாட்டுவதற்குச் சரி.

துணிப் பூ இரண்டுக்கும் நடுவில். தையல் கடையில் விழும் துண்டுகளே போதும். பாலியஸ்டர் துண்டை இதழ் போல வெட்டி, ஓரத்தை மெழுகுவர்த்தியின் அருகே காட்டினால் லேசாக உருகிச் சுருண்டு நிஜ இதழ் மாதிரி ஆகும், நூலும் பிரியாது. பட்டு உருகாது, முடி கருகும் வாடையோடு கருகும். ஆரணிப் பட்டு என்று நம்பி வைத்திருந்த துண்டு உருகினால் விற்றவரிடம் போய்க் கேளுங்கள். நிஜப் பட்டின் ஓரத்துக்கு மெல்லிய பசைப் பூச்சு போதும். என் கணக்கில் பெரும்பாலான பக்கங்களுக்குக் காய்ந்த பூ, எங்கோ ஒரு பக்கத்தில் துணிப் பூ.

இனி பைண்டிங். ஜெராக்ஸ் கடை ஸ்பைரல் சுலபம். பெரிய வளையம் போட்டால் உப்பலும் அடங்கும். துளையை மட்டும் ஒட்டுவதற்கு முன்பே போட்டுவிட வேண்டும். ஆனால் கனமான பக்கங்கள் நாளடைவில் துளையோரம் கிழியும். விசிறி மடிப்பு பார்க்க ஜோர். விரித்தால் கண்காட்சிப் பாத்தி போலவே நீளமாக நிற்கும். மெல்லிய பூ மட்டும்தான் தாங்கும்.

நூல் தையலுக்கே என் ஓட்டு, ஒரு நிபந்தனையோடு. ஒவ்வொரு தாளுக்கும் இடையில், முதுகுப் பக்கம் மட்டும், இரண்டு சென்டிமீட்டர் அகலத்தில் அட்டைப் பட்டை வைத்துச் சேர்த்துத் தைக்க வேண்டும். பூ எடுத்துக்கொள்ளும் இடத்தை முதுகில் அந்தப் பட்டை ஈடுகட்டும். இல்லையென்றால் ஆல்பம் முன்பக்கம் வாய் பிளந்து நிற்கும். தாள் 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை 300 கிராம்) வாட்டர்கலர் தாளாக இருந்தால் வண்ணத்துக்கும் தோது, அதிகம் நெளியாது.

பசையில் மைதாவா ஃபெவிகாலா என்றால், காய்ந்த பூவுக்குத் தண்ணீர் கலந்த ஃபெவிகாலைப் பிரஷ்ஷால் மெல்லிசாகத் தொட்டு வைப்பது நல்லது. மைதாப் பசையைப் பூச்சி தேடி வரும். அதற்காகத்தான் பைண்டர்கள் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) கலப்பது. அது விஷம், குழந்தைகள் சேர்ந்து செய்யும் வேலையில் வேண்டாம். போட்டோவுக்கு இரண்டுமே வேண்டாம், மூலை ஒட்டிகள் போதும்.

அட்டைக்கு ஆம்பூர் பக்கத்துத் தோல் துண்டா, குடியாத்தம் லுங்கித் துணியா? தோல் மடிப்பில் உடையாது, ஆனால் ஓரத்தைச் சீவி மெலிதாக்கத் தெரிந்த கை வேண்டும். கட்டம் போட்ட லுங்கித் துணிக்குப் பின்னால் ஒரு தாளை ஒட்டிக் காயவிட்டால் பசை வெளியே கசியாது. வீட்டில் செய்கிறவர்கள் முதுகுக்கு மட்டும் தோல் வைத்து, மற்ற இடத்துக்கு லுங்கித் துணி போடலாம். முதுகுக்கு மட்டும் என்றால் செருப்பு தைப்பவரிடம் கொடுத்தே ஓரம் சீவி வாங்கிக்கொள்ளலாம்.